உள்ளிருந்து எழுந்த சாட்சியம்

1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் அக்டோபர் 30 அன்று ஒஸ்மானியா கல்லூரி மைதானத்திற்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேரத்திற்குள் ஊரைவிட்டு நீங்க வேண்டுமென்ற ஆணை அங்கே அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. பணமும் நகையும் பறிக்கப்பட்ட அம்மக்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். இவ்வரலாற்றை எடுத்துரைக்கும்போதெல்லாம் பெரம்பலூர், அரியலூர் பகுதிகளிலிருந்து நம்மிடம் ஓத வரும் மாணவர்கள் ஒரு வினாவைத் தவறாது எழுப்புகின்றனர்: “தமிழருள் ஒருவர்கூட இதை எதிர்க்கவில்லையா?”

இவ்வினாவுக்கு விடை காண, அன்றைய யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு எத்துணை அரிதாயிற்று என்பதை முதலில் உணர வேண்டும். தமிழ் மக்களின் துயரம் கற்பனையன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் தமிழர்மீது கொடிய வன்முறை ஏவப்பட்டது. பின்னர் அரசின் குண்டுகள் ஊர்கள்மீது விழுந்தன. எதிரி உண்மையாகவே வாசலில் நிற்கும் காலத்தில், தன் அணியைக் குறைகூறுபவன் எதிரிக்குத் துணைபோகிறான் என்ற வாதம் எளிதில் எடுபடும். ‘துரோகி’ என்ற ஒற்றைச் சொல் அங்கே மரண தண்டனையாக மாறியது இவ்வாறுதான். 1986இல் பிற தமிழ் இயக்கங்களைப் புலிகள் ஆயுதத்தால் ஒடுக்கினர். 1990இல் இந்தியப் படை விலகியபின் யாழ்ப்பாணம் முழுமையாக அவர்கள் ஆளுகைக்குள் வந்தது. அங்கிருந்து வெளியே செல்வதற்கும் அவர்களிடம் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று.

இத்தகைய சூழலிலும் எதிர்ப்பு இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த டாக்டர் ராஜினி திராணகம ஒரு காலத்தில் புலிகளின் ஆதரவாளர். பின்னர் அவர்களினின்றும் விலகி, 1988இல் சக ஆசிரியர்களுடன் ‘மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்)’ என்னும் அமைப்பை நிறுவினார். ராஜன் ஹூல், சிறீதரன், தயா சோமசுந்தரம் ஆகியோருடன் இணைந்து அவர் எழுதிய நூலே ‘முறிந்த பனை’. இலங்கை இராணுவம், இந்திய அமைதி காக்கும் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய மூன்று தரப்பினர் இழைத்த கொடுமைகளையும் ஒரே தராசில் நிறுத்தது அந்நூல். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் ராஜினி சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. புலிகள் மறுத்தபோதிலும், அவருடைய சக ஆசிரியர்கள் அவர்களையே பொறுப்பாளிகளாகச் சுட்டினர்.

கொலைக்குப் பின்னும் அப்பணி ஓயவில்லை. ஹூலும் சிறீதரனும் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்க நேர்ந்தபோதும், ஊர், நாள், நிகழ்வு எனப் பதிவு செய்து அறிக்கைகளை வெளியிட்டு வந்தனர். புலிகளின் ஆட்சிமுறையைப் பாசிசம் என்றே அவர்கள் பெயரிட்டழைத்தனர். முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் அவ்வறிக்கைகள் பதிவு செய்து கண்டித்தன. ஆகவே, நம் மாணவர் வினாவுக்கு விடை, ‘எதிர்த்தனர், அதற்குரிய விலையையும் கொடுத்தனர்’ என்பதேயாகும். கவிஞர் செல்வி 1991 ஆகஸ்டில் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், அவர் திரும்பவேயில்லை.

போர்க்காலக் கொடுங்கோன்மையை அந்நாட்டவரே எதிர்த்த வரலாறு வேறிடங்களிலும் உண்டு. ஹிட்லரின் ஜெர்மனியில் ‘வெள்ளை ரோஜா’ மாணவர்கள் 1942 முதல் துண்டறிக்கைகள் வெளியிட்டனர். ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் உடன்பிறப்புகள் 1943 பிப்ரவரி 22 அன்று தலை வெட்டப்பட்டு மாண்டனர். இரு நாடுகளின் நிலையும் ஒன்றல்ல. ஜெர்மானிய மாணவர் எதிர்த்தது ஆக்கிரமிக்கும் பேரரசை. யாழ்ப்பாண ஆசிரியர் எதிர்த்ததோ, ஒடுக்கப்பட்ட தம் மக்களின் பெயரால் ஆண்டவர்களை. பின்னதில் மனக்குழப்பம் மிகுதி. ஏனெனில் அங்கே நீதியின் பக்கம் நிற்பது இனத்தைக் கைவிடுவதாகவே தோன்றும்.

அரபு மொழியில் ‘ஷஹாதத்’ என்பதற்குச் சாட்சியம் கூறுதல் என்றும், உயிர்த்தியாகம் என்றும் பொருளுண்டு. இரண்டும் ஒரே வேரினின்றும் பிறந்தவை. தனக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமையினும் நீதிக்குச் சாட்சி நிற்க வேண்டுமென்ற கடமையைத் திருமறையின் ‘அந்நிஸா’ அத்தியாயம் விதிக்கிறது. அக்கடமை என்னவென்பதை, நம் சமயத்தைச் சாராத ஒரு பெண்மணி தம் வாழ்வால் விளக்கிச் சென்றிருக்கிறார்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், முஸ்லிம்களை வெளியேற்றியது அரசியல் தவறென்று புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆற்றல் மிக்கோர் ஒப்பியதை, ஆயுதமற்ற ஆசிரியர்கள் சிலர் உரிய காலத்திலேயே உரைத்திருந்தனர். வடபுல முஸ்லிம்களின் வரலாற்றை நாம் எழுதும்போது வெளியேற்றியோரின் பெயர்களோடு நின்றுவிடலாகாது. வெளியேற்றத்தைக் கண்டித்த தமிழரின் பெயர்களையும் அதில் பதிவு செய்தல் வேண்டும். இதுவும் நாம் நிற்க வேண்டிய சாட்சியமே. அதை மறைப்பது அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.