நலம் என்று சொன்னால் போதுமா?

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என்னருகில் அமர்ந்த பெரியவர் ஒருவர், "தம்பிக்குப் புணேயில் என்ன உத்தியோகம்?" என்று விசாரித்தார். "பெட்டிகளுக்கு உடம்பு பார்க்கிறேன் சார்" என்றேன். அதற்குள் சாம்பார் வாளி வந்துவிட்டது. அன்று விட்டுப்போன விளக்கம் இது.

நம் வீட்டு வைஃபை பெட்டியைப் போல, திரையோ விசைப்பலகையோ இல்லாத சிறு கணிப்பொறிகள் எங்கும் உள்ளன. பலவற்றில் இயங்குவது லினக்ஸ். 1991இல் பின்லாந்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய மென்பொருள் அது. இந்தப் பெட்டிகள் நின்றுபோனால் அணைத்துப் போட அருகில் ஆள் இருக்கமாட்டார். எனவே உள்ளேயே ஒரு காவல் கடிகாரம் வைப்போம். 'வாட்ச்டாக்', அதாவது காவல் நாய், என்று அதற்குப் பெயர். குறித்த நொடிகளுக்குள் மென்பொருள் அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். தவறினால் அது பெட்டியை அணைத்து மறுபடி இயக்கிவிடும்.

செவ்வாய்க் கோளுக்குச் சென்ற இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரும் லினக்ஸில் இயங்கியதுதான். 2021 ஏப்ரல் 9 அன்று இறக்கைகளை வேகமாகச் சுழற்றும் சோதனையை அத்தகைய ஒரு காவல் கடிகாரமே நிறுத்தியது. கோளாறைச் சரிசெய்தபின் ஏப்ரல் 19 அன்று அது முதன்முறையாகப் பறந்தது.

எங்கள் நாய் ஒருமுறை ஏமாந்தது. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளின் வெப்பத்தைக் கவனிக்கும் கருவி அது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஓரிரவு வெப்பத்தை அளக்கும் நிரல் உறைந்துவிட்டது. ஆனால் நாயைத் தட்டிக்கொடுத்தது வேறொரு நிரல். அது ஒழுங்காகத் தட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் திரையில் விடியவிடிய 4.6 டிகிரி, 'நலம்'. காலையில் வந்த நர்ஸம்மா கண்ணாடி வெப்பமானியைப் பார்த்தபோது 11! சில குப்பிகளைக் கழித்துவிட நேர்ந்தது. நிரலை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அதன்பிறகு முறையை மாற்றினோம். புதிய அளவு வந்ததா, சேமிப்பில் இடம் உள்ளதா, கடிகாரம் சரியா என்று பார்த்து, எல்லாம் சரியென்றால்தான் நாயைத் தட்டலாம். உயிரோடு இருப்பது வேறு, வேலை நடப்பது வேறு என்று அன்று கற்றேன்.

ஞாயிறுதோறும் மாலையில் ஊருக்குப் பேசும்போது அம்மா, "நன்னா இருக்கேன்டா" என்பாள். நானும் நிம்மதியாக வைத்துவிடுவேன். சென்ற வாரம் மட்டும், "திங்கட்கிழமை காலை பிரித்த பத்து மாத்திரை அட்டையில் இப்போது எத்தனை இருக்கிறது, எண்ணிச் சொல்லேன்" என்றேன். தினம் ஒன்று வீதம் மூன்று மீந்திருக்க வேண்டும்.

சற்று நேரம் கழித்து, "அஞ்சு இருக்கேடா" என்றாள்.