பெயர் அறியாத நோயும் மரபணு வாசிப்பும்

மூளைக் காய்ச்சலோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் கைக்குழந்தைக்குத் தனக்கு எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாது. தாய் அறிந்தவை காய்ச்சலும், வலிப்பும், பால் குடியாமையுமே. மருத்துவரோ நோயை விளைத்த கிருமி இன்னதென்று அறிந்தாலன்றி அதற்குரிய மருந்தைத் தெரிந்தெடுக்க இயலாது. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயை ஆராய்வதற்கு அடுத்த படியாக அதன் காரணத்தை ஆராய்வதை வைத்து, தீர்க்கும் வழியை அதன் பின்னரே கூறினார். அந்த இரண்டாம் படியிலேயே இன்றும் பல குழந்தைகளின் மருத்துவம் நின்றுவிடுகிறது.

அதற்குக் காரணம் உண்டு. கிருமியைத் தேடுவதற்காக முதுகெலும்பின் இடையே ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுப்பர். குழந்தையிடமிருந்து எடுக்கத்தக்கது மிகச் சிறிதளவே. அந்நீரைத் தட்டில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது பழைய முறை. மருத்துவமனைக்கு வருமுன்னரே கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கப்பட்டிருப்பின் தட்டில் ஒன்றும் வளராது. வைரசுகள் அத்தட்டில் எப்போதுமே வளர்வதில்லை. இன்னொரு முறை, ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனிச் சோதனை செய்வது. ‘நீ இன்னவனா?’ என்று ஒவ்வொரு பெயராகக் கேட்பதற்கு இது ஒப்பாகும். மருத்துவர் நினையாத பெயரைச் சோதனையும் கேட்பதில்லை. கேள்விகள் முடியுமுன் நீர் தீர்ந்துவிடுதலும் உண்டு.

மரபணு வாசிப்பு என்னும் புதுமுறை கேள்வியையே மாற்றிவிட்டது. இன்னவன் உளனோ என்று கேளாமல், ‘இங்கே யார் யார் உளர்?’ என்று அது கேட்கிறது. மனிதன் முதல் வைரசு ஈறாக ஒவ்வொன்றுக்கும் தன் இயல்பை வகுக்கும் மரபுப்பொருள் உண்டு. அது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட சுவடி போன்றது. தண்டுவட நீரில் மிதக்கும் அச்சுவடிகளை இயந்திரம் சிறு சிறு துணுக்குகளாகப் படிக்கிறது. பழஞ்சுவடிகளின் வரலாறு அறிந்த தமிழாசிரியர்க்கு இதனை விளக்குதல் எளிது. செல்லரித்த பல நூல்களின் ஓலை நறுக்குகள் ஒரே கட்டில் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். கற்றுத் தேர்ந்த ஒருவர் ஒரு நறுக்கில் எஞ்சிய இரண்டொரு சொற்களைக் கொண்டே இஃது இன்ன நூலின் பகுதி என்று கூறிவிடுவார். கணினி செய்வதும் அதுவே. உலகில் இதுவரை படித்துத் தொகுக்கப்பட்ட மரபுப்பொருள்களோடு ஒவ்வொரு துணுக்கையும் அது ஒப்பிடுகிறது. துணுக்குகளில் மிகப் பெரும்பாலானவை குழந்தையின் சொந்த உடலுக்கு உரியவை. அவற்றைக் கழித்தபின் எஞ்சும் சிலவற்றில்தான் பகைவனின் கையெழுத்தைத் தேடவேண்டும்.

எத்துணைச் சில என்பதற்கு 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சான்று. பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய 14 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன், காய்ச்சலும் தலைவலியுமாக நான்கு மாதங்களில் மும்முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். வலிப்பு ஓயாமையால் மருந்தினால் அவனை உணர்விழந்த நிலையில் வைக்க நேர்ந்தது. மூளையிலிருந்து சிறு துண்டெடுத்துப் பார்த்தும் காரணம் புலப்படவில்லை. பின்னர் அவனது தண்டுவட நீர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்டது. சார்ல்சு சியூ, ஜோசப் டிரிசி ஆகியோரின் குழுவினர் படித்த 3,063,784 துணுக்குகளில் 475 மட்டும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமியினுடையவை. பதினாயிரத்துக்கு இரண்டு கூட இல்லை. மாதிரி கைக்கு வந்த இரண்டு நாள்களுக்குள் இது தெரிந்தது. வெள்ளத்துக்குப்பின் மலேசியாவில் அடிக்கடி பேசப்படும் எலிச்சிறுநீர்க் காய்ச்சலை விளைப்பதும் இவ்வினக் கிருமியே. அதற்கு வேண்டிய மருந்தோ நெடுங்காலமாக அறிந்த பெனிசிலின்! 32 நாள்களில் அவன் ஏறக்குறையப் பழைய உடல்நிலையோடு வீடு திரும்பினான்.

செல்வ நாட்டின் ஒரு சிறுவனுக்குக் கிடைத்த இவ்வாய்ப்பு ஏழை நாட்டுக் குழந்தைகட்கும் கிட்டுமா? டாக்கா சிசு மருத்துவமனையில் மூளையுறை அழற்சியோடு வந்த குழந்தைகளின் தண்டுவட நீரை வைத்து, செஞ்சுதி சாகா என்னும் வங்காளதேச அறிவியலாளரும் டிரிசி குழுவினரும் இதனை ஆராய்ந்தனர். 2019இல் முடிவு வெளியாயிற்று. காரணம் விளங்காமல் கைவிடப்பட்ட 25 மாதிரிகளில் பத்துக்குக் காரணம் புலனாயிற்று. அவற்றுள் மூன்றில் இருந்தது சிக்குன்குனியா வைரசு. 2017இல் டாக்கா நகரையே அந்நோய் அலைக்கழித்தது. எனினும் காய்ச்சலும் மூட்டுவலியும் தரும் நோயாகவே அங்கு அது கருதப்பட்டது. குழந்தைகளின் மூளைக் காய்ச்சலோடு அதனைத் தொடர்புபடுத்தியவர் இலர். பெயர் தெரிந்தபின் தனிச் சோதனை எளிதாயிற்று. அவ்வாண்டில் சேமித்து வைத்திருந்த எஞ்சிய 472 மாதிரிகளையும் சோதித்தபோது மேலும் 17 குழந்தைகளிடம் அதே வைரசு காணப்பட்டது. விலையுயர்ந்த முறை ஒருமுறை வழிகாட்ட, மலிவான முறை பின்தொடர்ந்தது. ஆய்வின் பெரும்பயன் இதுவே எனலாம்.

சிக்குன்குனியா வைரசைக் கொல்லும் தனி மருந்து இல்லையே, பெயர் அறிந்து என்ன பயன் என்று வினவலாம். அப்பெயர் தெரிந்தால், பயன் தராத கிருமிக்கொல்லி மருந்துகளைக் குழந்தையின் உடலில் நாள்தோறும் ஏற்றுவதை மருத்துவர் நிறுத்தக்கூடும். கொசுவை ஒழிக்க வேண்டிய ஊராட்சிக்கும் அப்பெயர் தேவை. தம் குழந்தைக்கு வந்தது இன்னதென்று பெற்றோர் அறிவதும் சிறு பயன் அன்று.

இம்முறையை எல்லாம் வல்லதாகக் கருதுதல் தவறு. 2019இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், பெரியோரும் சிறியோருமாக 204 நோயாளிகளிடம் 58 தொற்றுகள் உறுதிப்பட்டன. அவற்றுள் 13 மரபணு வாசிப்பினால் மட்டுமே தெரிந்தவை. 26 அதன் கண்ணுக்குத் தப்பி வேறு சோதனைகளால் அகப்பட்டவை. கிருமி தண்டுவட நீரில் இல்லாமலோ மிகக் குறைந்தோ இருந்தால் இம்முறைக்கு எட்டாது. ஓலைக்கட்டில் வேறிடத்து நறுக்கு ஒன்று காற்றில் வந்து விழுவதுபோல, மருந்துக் குப்பியிலும் தோலிலும் உள்ள கிருமியின் துணுக்கும் மாதிரியில் கலக்கும். வெறும் நீரையும் உடன்வைத்துப் படிப்பது இதனால்தான். பட்டியலில் வந்த பெயரெல்லாம் நோயின் பெயர் ஆகா. குழந்தையை நேரில் கண்ட மருத்துவரே தேர்ந்து கூறவேண்டும்.

டாக்காக் குழந்தைகளின் மாதிரிகளைப் படிக்க முதலில் அமெரிக்காவின் துணை வேண்டியிருந்தது. பின்னர் சாகா பணியாற்றும் குழந்தைகள் நல ஆராய்ச்சி நிறுவனத்திலேயே வாசிப்பு இயந்திரம் அமைந்தது. 2020 மே மாதத்தில் வங்காளதேசத்தின் முதல் கொரோனா வைரசு மரபுத்தொகுதி படிக்கப்பட்டதும் அந்நிறுவனத்திலேதான்.