நிலாவுக்குப் போட்ட மண்கரை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், நூவர்க் நகரம். வீடுகள் முடியும் இடத்தில் ஐம்பது ஏக்கரை வளைத்துக்கொண்டு ஓர் எண்கோணம் கிடக்கிறது. கரை, ஆள் உயரம்தான். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ஹோப்வெல் பண்பாட்டு மக்கள் கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பியது. 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை வடக்கின் கடைக்கோடிக்குப் போய் உதிக்கும் நிலாவை நோக்கி அதன் அச்சு நிற்பதை 1982இல் ரே ஹைவ்லி, ராபர்ட் ஹார்ன் என்ற பேராசிரியர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்தவர்களுக்கே இது கைகூடும்.

இதன்மேல் 1910களிலிருந்து கோல்ஃப் ஆடினார்கள். கல்கோட்டையாக இருந்திருந்தால் துணிந்திருப்பார்களா? 1830களில் இந்த மாநிலத்திலிருந்து விரட்டப்பட்ட ஷானி மக்களில் ஒரு பிரிவின் தலைவி கிளென்னா வாலஸ், இடத்தை மீட்கத் தொடர்ந்து குரல் கொடுத்தார். 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. 2023இல் இது உட்பட எட்டு இடங்கள் உலக மரபுச் சின்னமாயின. 2025 பிறந்த பிறகுதான் எல்லா நாளும் எல்லாரும் உள்ளே நடக்க முடிந்தது.

அங்கிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் சில்லிகோத்தி. ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் மவுண்ட் சிட்டி: 13 ஏக்கர் வளைப்புக்குள் இருபதுக்கும் அதிகமான ஈம மேடுகள். முதல் உலகப்போரில் இதன்மேல் ராணுவப் பயிற்சி முகாம் போட்டுப் பலவற்றை நிரவிவிட்டார்கள். இன்று தெரிபவை பெரும்பாலும் பிறகு அகழ்ந்து, திரும்ப எழுப்பியவை. ஆகவே முதலில் வாசலில் உள்ள சின்ன அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். சுப்பீரியர் ஏரிக்கரைச் செம்பு, கரோலினா மலை மைக்கா, மெக்ஸிகோ வளைகுடாச் சங்கு, ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் யெல்லோஸ்டோனில் எடுத்த எரிமலைக் கண்ணாடி. சக்கர வண்டியோ சுமைமாடோ இல்லாத காலத்தில் இத்தனையும் இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன! அவற்றைப் பார்த்த கண்ணுக்கு வெளியே இருக்கும் புல்மேடு வெறும் மேடாகத் தெரியாது.

ஒரு குறை உறுத்துகிறது. 1840களில் ஸ்குவையர், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இங்கே தோண்டியெடுத்த, விலங்கும் பறவையுமாகச் செதுக்கிய புகைக்குழாய்களில் பெரும்பகுதி லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவை இந்த மண்ணுக்குத் திரும்ப வேண்டும். கேட்கும் உரிமை உள்ள ஷானி மக்கள் ஒக்லஹோமாவில் வாழ்கிறார்கள்.

இதே மாநிலத்தில் பீபிள்ஸ் அருகே 1,300 அடிக்கும் மேல் நெளியும் பாம்பு மேட்டையும் பார்த்துவிடலாம்; உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த எட்டு இடங்களில் அது இல்லை. இரும்புக் கோபுரம் ஏறினால்தான் முழு உருவம் பிடிபடும். இலையுதிர்ந்த மாதங்களில், வெயில் சாய்ந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். அப்போதுதான் நிழல் விழுந்து தாழ்ந்த கரைகூடத் துலங்கும்.