உங்களுக்குத் தெரியுமா? ரோமா குழந்தைகளுக்கு 27 மடங்கு அநீதி

1990களின் இறுதியில் செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரில் ரோமா இனக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர், அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் இருந்தார்கள். மற்ற குழந்தைகளைவிட அவர்கள் அங்கே அனுப்பப்படும் வாய்ப்பு 27 மடங்கு அதிகம்!

அவர்களுடைய மொழியையும் வாழ்க்கைச் சூழலையும் கணக்கில் கொள்ளாத சோதனைகளே அடிப்படை. பெற்றோர் சம்மதமும் பெயரளவுக்குத்தான்: முன்கூட்டியே நிரப்பிய படிவத்தில் ஒரு கையெழுத்து. வேறு வழி உண்டு என்ற தகவலே அதில் இல்லை.

18 மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2007 நவம்பர் 13 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 13க்கு 4 என்ற பெரும்பான்மையில் 'இது இனப் பாகுபாடே' என்று தீர்ப்பளித்தது. பாகுபாட்டுக்கு உள்நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. அரசு நியாயமான காரணம் காட்டாதபோது, குழந்தைகளுக்கு நேர்ந்த விளைவே போதுமான சான்று.