கண்வலிக்கிழங்கைக் கோட்டில் பிடித்தவர்கள்

ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கில், அதாவது செங்காந்தளில், கால்சிசின் இருக்கிறது. கௌட் மூட்டுவலிக்கு அது மருந்து. அளவு மிஞ்சினால் செல் பிரிவதையே நிறுத்தி உயிரைக் குடிக்கும். வள்ளிக்கிழங்கென்று வேகவைத்துத் தின்று மாண்டவர்களும் உண்டு. ஆகவே அடையாளம்தான் முதல் மருந்து. 19ஆம் நூற்றாண்டில் பழனி மலையில் செடி சேகரித்த ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள் வரைந்தது இத்தகைய அடையாளங்களைத்தான்.

புகைப்படம் போதாதா என்று கேட்கலாம். கேமரா ஒரு செடியின் ஒரு நாளைத்தான் பிடிக்கும். பூ மேலே இருக்கும்போது கிழங்கு மண்ணுக்குள். நிறத்தையும் நம்ப முடியாது, இதழ் மஞ்சளாக விரிந்து சிவந்துபோகும். தாவர ஓவியரோ பல செடிகளைப் பார்த்து, கலப்பைபோல் வளைந்த கிழங்கு, பின்னோக்கி மடிந்த இதழ், காய் எல்லாவற்றையும் ஒரே தாளில் வைப்பார். பூக்காத கொடிக்கும் ஒரு சாட்சி உண்டு: இலையின் நுனியே நீண்டு சுருண்டு வேலிக்கம்பியைப் பற்றும். வள்ளிக்கொடி இலையில் அந்தச் சுருள் கிடையாது.