கணக்குத் தெரிந்த பாட்டுக்காரர்

ஓக்லஹோமா மாநிலத்தில் செல்சி என்றொரு சிற்றூர். அங்கே ரயில் நிலையத்தில் ராத்திரி வேலை பார்த்த தந்திக்கார இளைஞர், வேலை ஓய்ந்த நேரத்தில் கிடாரை எடுத்துப் பாடுவார். ஒருநாள் தந்தி கொடுக்க வந்தவர், அமெரிக்காவே கொண்டாடிய நகைச்சுவைக் கலைஞர் வில் ராஜர்ஸ். பாட்டைக் கேட்டுவிட்டு, "ரேடியோவில் முயற்சி செய்" என்று சொல்லிப் போனாராம். அந்த இளைஞரான ஜீன் ஆட்ரி ஆயுள் முழுக்கச் சொல்லிவந்த கதை இது.

இசைத்தட்டு, சிகாகோ வானொலி என்று வளர்ந்தவரை 1935-ல் நாயகனாக்கியது 'தி ஃபாண்டம் எம்பயர்' என்ற தொடர்படம். பூமிக்கடியில் ஒரு ரகசிய ராஜ்ஜியம், அங்கே ரோபோக்கள், ஒரு மகாராணி. அத்தனை பேரிடமிருந்தும் தப்பி, தினமும் குறித்த நேரத்துக்குத் தன் பண்ணைக்கு வந்து வானொலியில் பாடியாக வேண்டும் நாயகன். தவறினால் பண்ணை கைவிட்டுப் போகும்! நடிப்பு அவருக்குக் கடைசிவரை சுமார்தான். ஆனால் பொருளாதாரப் பெருமந்தத்தில் நொந்துபோயிருந்த சிற்றூர் மக்கள், அந்த அலட்டலில்லாத குரலைத் தங்கள் வீட்டுப் பிள்ளையின் குரலாகவே கேட்டார்கள்.

எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது 1938-ல் நடந்த சண்டை. ஆட்ரி படம் வேண்டுமென்றால் மற்ற படங்களையும் சேர்த்து வாங்கு என்று சின்ன தியேட்டர்காரர்களை நெருக்கியது அவரை வைத்துப் படமெடுத்த ரிபப்ளிக் நிறுவனம். அதையும் தன் சம்பளத்தையும் முன்வைத்துப் படப்பிடிப்புக்கு வர மறுத்தார் ஆட்ரி. அந்த இடைவெளியில் நிறுவனம் கொண்டுவந்த புதுமுகம்தான் ராய் ராஜர்ஸ். போட்டியாளர் வளர்வது தெரிந்தும் ஆட்ரி பணியவில்லை; சம்பள உயர்வோடுதான் திரும்பினார். 1940-ல் வசூல் நட்சத்திரங்களின் பட்டியலில் நான்காம் இடம்.

புகழின் உச்சியில், 1942-ல் விமானப் படையில் சேர்ந்தார். இந்தியா, பர்மா, சீனா போர்முனைக்குச் சரக்கு விமானம் ஓட்டினார். போருக்குப் பின் ரிபப்ளிக்கிலிருந்து விலகிச் சொந்த நிறுவனம் தொடங்கினார். பிறகு வானொலி நிலையங்கள், 1961 முதல் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி என எல்லாவற்றிலும் முதலாளி. பாடத் தயங்கி, மனைவி ஐனா வற்புறுத்தியதால் 1949-ல் பாடிய 'ருடால்ஃப்' கலைமான் பாட்டு, இன்றும் கிறிஸ்துமஸுக்கு ஒலிக்கிறது.

1998-ல், 91 வயதில் மறைந்தார். திரைப்படம், வானொலி, இசைத்தட்டு, தொலைக்காட்சி, மேடை என ஐந்து பிரிவுகளிலும் ஹாலிவுட் புகழ்ப் பாதையில் நட்சத்திரம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.