மலைவண்டியின் மின்தொடக்கியும் அதன் பிணிகளும்

மலைநாட்டில் வாழ்வோர்க்கு ஊர்தியென்பது ஆடம்பரப் பொருளன்று. அஃது இன்றியமையாத துணையாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்த பகுதியிலே, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று மலைநாடுகள் உள்ளன. இவற்றுள் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பெயருடைய பழங்குடி மக்களாவர். சாமை விதைத்தும் புளி திரட்டியும் பிழைக்கும் இம்மக்கள், பெருநோய்க்கு மருத்துவம் நாடினும், மேற்படிப்பை நாடினும், அரசாங்க அலுவல்களை நாடினும் சமவெளிக்கு இறங்கியே ஆதல் வேண்டும். பேருந்து வாராத வேளையிலும், அது செல்லலாகாத பாதையிலும், மோட்டார் சைக்கிள் ஒன்றே அவர்க்குக் கைகொடுக்கின்றது. பிணியாளர் ஒருவரைப் பின்னிருக்கையில் ஏற்றிய பின்னர் அவ்வண்டி கிளம்ப மறுக்குமாயின், ஆண்டு விளையும் துன்பம் சொல்லுந் தரத்ததன்று. ஆகலின், பழைய மலைவண்டிகளின் மின்தொடக்கியில் நேரும் பழுதுகளையும், அவற்றை முறைப்படி கண்டறியும் வகையையும் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முற்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் காலால் உதைத்தே கிளப்பப்பட்டன. மின்சாரத்தால் கிளப்பும் முயற்சி புதுவதன்று. அமெரிக்க நாட்டில் கெட்டரிங் என்பார் அமைத்த மின்தொடக்கி 1912-ஆம் ஆண்டின் காடிலாக் மோட்டார் வண்டிகளிற் பொருத்தப்பெற்றது. ஈருருளி வண்டியில் அதனை அமைக்க 1914-இல் 'இந்தியன்' என்னும் அமெரிக்கக் கம்பெனியார் முயன்றனர். ஆயின், அக்காலத்துப் பாட்டரிகள் அப்பொறையைத் தாங்கும் ஆற்றல் உடையனவாயில்லை. எனவே அம்முயற்சி ஓராண்டிலேயே கைவிடப்பட்டது. தொடக்கியின் வாழ்வு பாட்டரியைப் பொறுத்தது என்னும் உண்மையை அந்நிகழ்ச்சியே உணர்த்திற்று. பின்னர்ப் பாட்டரிகள் திருந்தின. 1969-இல் ஹோண்டா கம்பெனியார் வெளியிட்ட 750 கன சென்டிமீட்டர் வண்டி மின்தொடக்கியுடனேயே வந்தது. நம் நாட்டிலும் அது நாளடைவில் பரவி, உதைகோலை முற்றும் நீக்கிய வண்டிகளும் எழுந்தன. சென்னையைத் தாயகமாகக் கொண்ட ராயல் என்பீல்டு கம்பெனியார் 2016-இல் வெளியிட்ட ஹிமாலயன் என்னும் 411 கன சென்டிமீட்டர் மலைவண்டியில் உதைகோல் இல்லை. 2023-இன் இறுதியில் புதியதொரு ஹிமாலயன் அதன் இடத்தைப் பெற்றது. பழையன இன்று கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. இத்தகைய வண்டியை உடையார்க்குத் தொடக்கியின் இயல்பை அறிதல் கடமையேயாம்.

இனி, இதன் உறுப்புகளை நோக்குவோம். பாட்டரியிலிருந்து மின்சாரம் இரண்டு வழிகளிற் செல்கின்றது. ஒன்று மெல்லிய வழி. மற்றொன்று பருத்த வழி. மெல்லிய வழியானது பியூஸ், சாவி, கைப்பிடியிலுள்ள நிறுத்துவிசை, நியூட்ரல் விசை, கிளச்சு விசை, சில வண்டிகளிற் பக்கத்தாங்கியின் விசை ஆகியவற்றைக் கடந்து, நாம் அழுத்தும் பொத்தானையடைந்து, ரிலே என்னும் கருவியின் சுருளில் முடிகின்றது. சுருள் காந்தமாகி, உள்ளிருக்கும் இணைப்புத்தகட்டை இழுக்கும். அங்ஙனம் இழுத்தவுடன் பருத்த வழி இணைகின்றது. பாட்டரியின் நேர்முனையிலிருந்து தடித்த கம்பி வாயிலாக ரிலேயைக் கடந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பெருமின்னோட்டம் பாய்ந்து, எஞ்சினின் உடல் வழியே எர்த்துக் கம்பியிற் புகுந்து எதிர்முனைக்கு மீள்கின்றது. மோட்டார் சுழல, அதனொடு சேர்ந்த பற்சக்கரங்களும் ஒருவழிக் கிளச்சும் எஞ்சினைச் சுழற்றுகின்றன. சிற்றதிகாரி கட்டளையிடப் பெருஞ்சேனை நடப்பது போன்றதே இவ்வேற்பாடு.

"விளக்கு நன்றாக எரிகின்றதே, பாட்டரியில் என்ன குறை இருக்கக்கூடும்?" என்று பலரும் வினவுவர். இவ்வினாவுக்கு விடை ஓம் என்பார் கண்ட விதியில் உள்ளது. மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்கினால் அத்தடையில் இழக்கப்படும் வோல்ட்டு கிடைக்கும். பாட்டரி முனையில் பூத்த களிம்பினால் 0.05 ஓம் தடை உண்டாயிற்று என்று கொள்வோம். 3 ஆம்பியர் கொள்ளும் முன்விளக்குக்கு அதனால் நேரும் இழப்பு 0.15 வோல்ட்டே, அதனை எவரும் உணரார். ஆயின், மோட்டார் 80 ஆம்பியரை ஈர்க்க முயலுமாயின் அதே தடையில் 4 வோல்ட்டு இழக்கப்படும். பன்னிரண்டில் எட்டே எஞ்சும். விளக்கு எரிதலும் மோட்டார் சோர்தலும் ஒருங்கே நிகழ்வது இதனாலேயாம். குடத்திற்கு நீர் தரும் சிறுதுளை வயலுக்கு நீர் தாராது என்பதை உழவர் அறிவர்.

நோய் இன்னதென்றும், அதன் காரணம் இன்னதென்றும், அது தணியும் வழி இன்னதென்றும் முறையே ஆராய்ந்து மருத்துவன் செயல்புரிய வேண்டும் என்பது திருவள்ளுவனார் மருந்ததிகாரத்தில் வகுத்த நெறி. யந்திரத்திற்கும் அந்நெறியே பொருந்தும். காரணம் அறியாது முதலிற் பாட்டரியையும், பின்னர் ரிலேயையும், இறுதியில் மோட்டாரையும் மாற்றுதல் ஏழையின் பொருளைப் பாழாக்குவதாகும். மல்டிமீட்டர் ஒன்றிருப்பின் நலம். இல்லையாயினும் காதும் கண்ணும் போதிய கருவிகளே. பொத்தானை அழுத்துங்கால் எழும் ஒலியைக் கேட்க. விளக்கொளியின் மாற்றத்தைக் காண்க. சில வண்டிகளில் அப்போது முன்விளக்கு தானே அணையுமாதலின், அவற்றிற் பின்விளக்கையோ நியூட்ரல் விளக்கையோ நோக்குக.

முதலாவது நிலை: விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை. இது பொதுவழி அறுபட்டமையைக் காட்டும். பாட்டரி முனைகளின் திருகாணிகள் தளர்ந்தனவா, முதன்மைப் பியூஸ் உருகிற்றா என்று பார்க்க. உருகிய பியூசுக்கு ஈடாகக் கம்பியையோ பளபளத் தாளையோ வைத்தல் தீது. வண்டி எரியினும் எரியும். அதே அளவுள்ள பியூஸ் ஒன்றை வைத்த பின்னரும் அது உருகுமாயின், எங்கோ கம்பி உராய்ந்து இரும்பைத் தொடுகின்றது என்றறிக. கரடுமுரடான வழியிற் கைப்பிடியை ஓயாது திருப்புதலால், தலைப்பகுதியில் வளையும் கம்பிகளே பெரும்பாலும் தேய்கின்றன.

இரண்டாவது நிலை: விளக்கு மங்காமல் எரிகின்றது, ரிலேயில் 'டிக்' என்னும் ஒலி இல்லை. இங்கே மெல்லிய வழியிற் குறையுண்டு. நிறுத்துவிசை தவறி அழுத்தப்பட்டிருத்தல் நகைப்பிற்கிடமாயினும் அடிக்கடி நிகழ்வதே. கிளச்சை முற்றும் பிடித்தும், பக்கத்தாங்கியை மடக்கியும், கியரை நியூட்ரலில் வைத்தும் மீண்டும் அழுத்துக. சேறு படிந்த தாங்கிவிசையும் ஈரமேறிய பொத்தானும் மலைவண்டிகளின் வழக்கமான பிணிகள். மீட்டர் உடையார் பொத்தானை அழுத்தியபடியே ரிலேச் சுருளின் இரு முனைகளுக்கும் இடையே அளப்பாராக. பன்னிரண்டு வோல்ட்டு அளவில் வந்தும் ஒலி எழவில்லையேல் ரிலே பழுது. வாரவில்லையேல் விசைகளிலோ கம்பியிலோ பழுது.

மூன்றாவது நிலை: 'டிக்டிக்டிக்' என்று இடைவிடாது ஒலிக்கின்றது, விளக்கும் உடன் துடிக்கின்றது. ரிலே இணைந்தவுடன் வோல்ட்டு வீழ்கின்றது. வீழ்ந்தவுடன் ரிலே விடுகின்றது. விட்டவுடன் வோல்ட்டு ஏறுகின்றது. இது பாட்டரி சோர்ந்தமைக்கோ அதன் முனை தளர்ந்தமைக்கோ அடையாளம். ஈயவமிலப் பாட்டரி ஓய்ந்திருக்கும்போது 12.6 முதல் 12.8 வோல்ட்டு வரை காட்டின் நிறைந்தது. 12 அளவிற்கு இறங்கின் பெரிதும் வறண்டது. ஓய்வில் நன்கு காட்டி, மோட்டாரைச் சுழற்றும்போது 9.6-க்கும் மிகத் தாழ்ந்து விழுமாயின், பாட்டரி முதுமையுற்றதென்க. எஞ்சின் ஓரளவு விரைவில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டுதல் வேண்டும். காட்டாவிடின் மின்னேற்றும் உறுப்பே பழுதுற்றது. அந்நிலையிற் புதிய பாட்டரியும் சின்னாளில் வறளும்.

நான்காவது நிலை: 'டக்' என்று ஒருமுறை ஒலித்து அமைகின்றது. ஈண்டு விளக்கே வழிகாட்டி. விளக்கு மங்காதாயின் பெருமின்னோட்டம் பாயவில்லை என்பது தெளிவு. ரிலேயின் உட்தகடு கரிந்திருக்கும், அன்றேல் மோட்டாரின் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கும். மோட்டாரின் உடலை மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டியவுடன் அது சுழலுமாயின், தேய்ந்த கரித்துண்டே காரணம் என்று துணியலாம். அது தற்காலிக உயிர்ப்பே, மருந்தன்று. விளக்கு முற்றும் மங்குமாயின் பாட்டரி சோர்ந்ததாகலாம். அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகியதாகலாம். சாவியை நிறுத்தி, உயர்ந்த கியரிலிட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் எஞ்சின் சுழல்கின்றதா என்பது விளங்கும்.

ஐந்தாவது நிலை: மோட்டார் விரைந்து சுழலும் ஒலி கேட்கின்றது, எஞ்சின் அசையவில்லை. ஒருவழிக் கிளச்சு வழுக்குகின்றது. இது தொழில் வல்லார் கைக்குரியது. எஞ்சின் நன்கு சுழன்றும் உயிர்க்கவில்லையேல் குறை தொடக்கியிலன்று. பெட்ரோலிலோ பொறியிலோ தேடுக. பொத்தானை விட்ட பின்னும் மோட்டார் ஓயாதாயின், ரிலேத் தகடுகள் உருகி ஒட்டிக்கொண்டன. உடனே பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக.

அண்மையில் நெல்லிவாசல்நாட்டில் நாம் கண்ட ஒரு பழைய வண்டியை எடுத்துக்காட்டாகக் கூறுவோம். அதன் உடையவர் ஓராண்டிற்குள் இருமுறை பாட்டரி மாற்றியிருந்தார். ஒவ்வொரு முறையும் சிலநாள் கிளம்பிப் பின்னர் மறுத்தது. பாட்டரி ஓய்வில் 12.7 காட்டிற்று. பொத்தானை அழுத்தியபடி பாட்டரியின் நேர்முனைக்கும் மோட்டாரின் முனைக்கும் இடையே அளந்தபோது இழப்பு 0.3 வோல்ட்டே; அது பொறுக்கத்தக்கது. ஆனால் எஞ்சின் உடலுக்கும் எதிர்முனைக்கும் இடையே அளந்தபோது இழப்பு 3 வோல்ட்டைக் கடந்தது. எர்த்துக் கம்பி எஞ்சினைத் தொடும் இடத்தில் ஓடைநீரும் சேறும் படிந்து, திருகாணியின் கீழ் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக முடுக்கி, வாசலின் பூசியவுடன் வண்டி முதல் அழுத்திலேயே கிளம்பிற்று. செலவு ஓர் உப்புத்தாளே. வோல்ட்டு இழப்பு அரை வோல்ட்டுக்கு மேற்படும் இடத்தில் குற்றம் உறைகின்றது என்னும் இவ்வொரு விதியை அறிந்தாலே பல பிழைகள் நீங்கும்.

இனிச் சில எச்சரிக்கைகளும் காப்பு முறைகளும் கூறுவோம். முனைகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது இறுதியிலும் கையாள்க. இல்லையேல் திருகுகருவி வண்டியின் உடலைத் தொட்டுப் பெருந்தீப்பொறி எழும். ரிலேயின் இரு பருத்த முனைகளையும் திருப்புளியால் இணைத்துச் சோதிக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. நியூட்ரலை உறுதி செய்யாமலும், பெட்ரோல் நாற்றமுள்ள இடத்திலும் அதனை ஒருகாலும் செய்யற்க. பொத்தானைத் தொடர்ந்து ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாமல், இடையிடையே மோட்டாருக்கு ஓய்வு தருக. மார்கழிப் பனியில் பாட்டரியின் ஆற்றல் குறையும். எஞ்சின் எண்ணெயும் தடிக்கும். ஆதலின் முதுமையுற்ற பாட்டரி மலைமேற் காலைப் போதிலேயே முதலிற் கைவிடும். நெடுநாள் ஓடாது நிற்கும் வண்டியின் பாட்டரிக்கு இடையிடையே மின்னேற்றுதல் வேண்டும். ஓடை கடந்த நாளில் முனைகளையும் விசைகளையும் துடைத்துலர்த்துவது நன்று.

இவையனைத்தும் பயன்படாத அவசரத்தில் சரிவே துணை. சாவியைத் திறந்து, இரண்டாம் கியரிலிட்டு, கிளச்சைப் பிடித்தபடி சரிவில் உருட்டி, வேகம் வந்தவுடன் கிளச்சை விடுக. கார்புரேட்டர் உள்ள வண்டிகள் இதனால் எளிதிற் கிளம்பும். பெட்ரோலை மின்பம்பினாற் செலுத்தும் வண்டிகளோ பாட்டரி முற்றும் வறண்டபோது கிளம்பமாட்டா. பம்பை இயக்கச் சிறிதேனும் மின்சாரம் எஞ்சியிருத்தல் வேண்டும். ஆகலின், சோர்ந்த பாட்டரியைப் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தி வறளச் செய்யாது, முதல் 'டிக்டிக்' ஒலியிலேயே சரிவை நாடுவதே அறிவுடைமை. மாலை வேளையில் வண்டியை மலைவீட்டருகே நிறுத்துவோர், சரிவை நோக்கி நிறுத்துதலும் ஓர் எளிய முன்னேற்பாடாம். நிறுத்தியபின் கியரிலிட்டு, சக்கரத்தின்கீழ்க் கல் வைக்க மறவற்க.

கல்வி என்பது ஏட்டளவில் நிற்பதன்று. மின்சார விதியைப் பரீட்சைக்கு எழுதி மறப்பவர் பலர்; அவ்விதியைக்கொண்டு இருண்ட மலைப்பாதையில் ஒரு தாயையோ குழந்தையையோ மருத்துவச்சாலை சேர்ப்பிப்பவரே அதனை உண்மையாகக் கற்றவராவர். நம் மாணவ நண்பர்களுட் சிலர் விடுமுறையில் மலைநாடுகளுக்குத் தொண்டு செய்யச் செல்கின்றனர். அவர்கள் தம் பையில் வேதப்புத்தகத்தோடும் மருந்துப் பெட்டியோடும் ஒரு சிறு மல்டிமீட்டரையும், ஓர் உப்புத்தாளையும், மாற்றுப் பியூஸ் இரண்டையும் கொண்டு செல்வாராக. தாமே பழுது நீக்குவதோடு அமையாது, இம்முறையை ஆண்டுள்ள இளைஞர்க்கும் கற்பித்து வருவாராயின், அத்தொண்டு அவர் மலையிறங்கிய பின்னும் நிலைத்து நிற்கும்.